விளக்கொளித் தோட்டமும் விதைக்குரிய மக்களும்

ஒரு சமுதாயத்தின் ஓய்வுநேரம் எவ்வாறு கழிகின்றது என்பதை ஆராய்வது, அதன் உழைப்புநேரத்தை ஆராய்வதினும் குறைந்த பணியன்று. பொழுதுபோக்கு என்பது வர்க்கங்களுக்கு அப்பாற்பட்ட தூய இன்பம் என நினைப்போர் உளர். ரோசாச் செடி வளர்ப்போரும் முத்திரை சேர்ப்போரும் அரசியலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்றே கருதுவர். ஆயினும் எந்தப் பொழுதுபோக்குக்கும் ஓர் அறை வேண்டும்; ஓய்வு வேண்டும்; பணம் வேண்டும்; அதனைப் பொறுத்துக்கொள்ளும் சட்டமும் வேண்டும். இந்நான்கும் எவர்க்கு வாய்த்தன, எவர்க்கு வாய்க்கவில்லை என்று கேட்கத் தொடங்கியதுமே தூய இன்பம் என்னும் திரை கிழிந்துவிடுகின்றது.

மேனாடுகளில் கடந்த அரை நூற்றாண்டாக வளர்ந்து வந்துள்ள ஒரு பொழுதுபோக்கு, வீட்டினுள் மின்விளக்கின் ஒளியிற் கஞ்சாச் செடி வளர்ப்பதும் அதன் இனங்களைக் கலந்து புதுவகைகளை உண்டாக்குவதுமாகும். இதற்கென ஓர் இலக்கியமே தோன்றியுள்ளது. அதிற் பெரும்பகுதி கைந்நூல் வகையைச் சேர்ந்தது. ஆனால், அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் பொலன் 2001இல் வெளியிட்ட ‘ஆசையின் தாவரவியல்’ என்னும் ஆங்கில நூலில், இப்பொழுதுபோக்கு பற்றிய அத்தியாயம் உண்மையான இலக்கியத் தகுதி உடையது. ஆகவே அதனையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம். தகுதியற்றதைக் கண்டிப்பதால் எவர்க்கும் பயனில்லை. நல்ல நூலின் குறைபாடே நமக்குப் பாடமாகும்.

மன்னாரின் வயற்புறத்தே, உயிலங்குளத்தில் ஆசிரியத்தொழில் புரியும் நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று வாசகர் வினவலாம். கஞ்சா என்ற சொல் நம் கரையில் ஒரு நாளாந்தச் செய்தி. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமே. அதனைக் கடந்து வரும் பொதிகளைப் பத்திரிகைகள் ‘கேரள கஞ்சா’ என்று பெயரிட்டு எழுதுகின்றன. பிடிபட்ட கிலோ எத்தனை, கைதானோர் எத்தனை பேர் என்பதோடு செய்தி முடிந்துவிடும். அச்செய்தியும் பொலனின் நூலும் பேசுவது ஒரே செடியைப் பற்றித்தான் என்பதை இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர் எளிதில் நம்பமாட்டார்.

முதலில் நூலின் சிறப்பைக் கூறுவோம். அப்பிள், டியூலிப் மலர், கஞ்சா, உருளைக்கிழங்கு என்னும் நான்கு தாவரங்களை எடுத்துக்கொண்டு, இனிமை, அழகு, போதை, கட்டுப்பாடு என்னும் நான்கு மனித ஆசைகளோடு பொலன் அவற்றை இணைக்கின்றார். மனிதன் செடியைப் பயன்படுத்துவது போலவே, செடியும் மனிதனுடைய ஆசையைப் பயன்படுத்தி உலகெங்கும் பரவிக்கொள்கின்றது என்பது அவர் கருத்து. செடியின் நிலையில் நின்று உலகை நோக்கும் இம்முயற்சி புதுமையானது, நடையும் தெளிவானது.

கஞ்சா வீட்டினுட் புகுந்த வரலாற்றை அவர் கூறும் பகுதி குறிப்பிடத்தக்கது. 1970களில் அமெரிக்க அரசின் ஆதரவுடன் மெக்சிக்கோவின் கஞ்சா வயல்கள்மீது பராகுவாற் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அதற்கு அஞ்சிய அமெரிக்கர் தம் நாட்டிலேயே பயிரிடலாயினர். 1980களில் ரீகன் ஆட்சி நடாத்திய போதைப்பொருட் போர் அப்பயிரைத் திறந்த வெளியிலிருந்து துரத்தியது. துரத்தப்பட்ட செடி அலுமாரிக்குள்ளும் நிலக்கீழறைக்குள்ளும் குடிபுகுந்தது. அழிக்க வந்த சட்டமே செடியைச் செப்பமுறச் செய்தது என்ற முரணைப் பொலன் திறம்படக் காட்டுகின்றார்.

அவ்வாறு செப்பமுற்றது எங்ஙனம்? கஞ்சா ஆண் பெண் என இரு செடிகளாக வளர்வது; காற்றினால் மகரந்தச் சேர்க்கை பெறுவது; பகல் குறுகும்போது பூப்பது. வீட்டினுள் வளர்ப்போர் விளக்கை அணைத்தும் ஏற்றியும் பருவத்தைத் தாமே ஆக்கிக்கொண்டனர். ஆண்செடிகளை அகற்றிப் பெண்செடியை விதையின்றிப் பூக்கச் செய்தனர்; சூலுறாத பூவிற் பிசின் மிகுந்தது. சிறந்த செடியின் கிளையை வெட்டி நட்டு, அதன் குணம் மாறாத வழிமுறையைப் பெற்றனர். உயரமாய் வளரும் வெப்பநாட்டு வகையை, ஆப்கானிஸ்தானத்திலிருந்து கொணர்ந்த குட்டையான, விரைவிற் பூக்கும் வகையோடு கலந்து, தாழ்ந்த கூரையின் கீழும் வளரக்கூடிய கலப்பினங்களை உண்டாக்கினர். தம் தலைமுறையின் மிகச்சிறந்த தோட்டக்காரர் இவர்களே என்று பொலன் வியக்கின்றார்.

இவ்வியப்பை நாம் மறுக்கவில்லை. அறிவோடு கூடிய கையுழைப்பு எங்கே காணப்படினும் அது மதிக்கத்தக்கதே. கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி வாழும் உழவன், அறுவடைக்கு முன் வயலில் இறங்கி, திரண்ட கதிரைத் தெரிந்தெடுத்து விதைநெல்லாய் ஒதுக்குவதும் இதே கலைதான். மொட்டைக்கறுப்பனையும் ஆட்டக்காரியையும் ஆக்கித் தந்தவர்கள் பட்டம் பெற்ற விஞ்ஞானிகளல்லர். பெயர் தெரியாத கமக்காரர்கள். பத்தலகொட நெல்லாராய்ச்சி நிலையம் 1958இல் ‘எச்-4’ என்னும் நெல்லினத்தை வெளியிட்டபோதும், அத்தகையோர் காத்துத் தந்த உள்நாட்டு நெல்லொன்றே அதன் பெற்றோரில் ஒன்றாக அமைந்தது. பல தலைமுறைகளின் கூட்டுழைப்பின்றி விதை இல்லை.

இவ்விடத்திலேயே நம் முதல் மறுப்பு எழுகின்றது. அம்ஸ்ரடாம் நகரில் 1988 முதல் நடந்துவந்த கஞ்சாப் போட்டியொன்றில் 1995இற் பரிசு பெற்ற ‘வைட் விடோ’ என்னும் கலப்பினம் உலகப் புகழ் பெற்றது. அதன் பெற்றோருள் ஒன்று பிரேசில் நாட்டுச் செடி. மற்றையது தென்னிந்திய, கேரள மலைநாட்டுச் செடி. இது நம் கற்பனையன்று. விதை வணிகர் தாமே பெருமையுடன் கூறிக்கொள்ளும் குலவரலாறு. அம்மலைச்செடியைத் தெரிந்தெடுத்துக் காத்தவர் பெயர் எந்தப் பரிசுப் பத்திரத்திலும் இல்லை. விதைப்பொதி விற்ற நிறுவனத்தின் பெயரே அச்சேறியது.

பொலன் இதனை அறியாதவரல்லர் என்பதே வியப்பு. அதே நூலின் உருளைக்கிழங்கு அத்தியாயத்தில், மொன்சான்ரோ நிறுவனம் விதைக்கிழங்கைத் தன் உடைமையாக்கி, விளைந்ததை மறுபடி நடும் உரிமையையும் உழவனிடமிருந்து பறித்தமையை அவர் கூர்மையாக விசாரிக்கின்றார். விதை யாருக்குரியது என்று அங்கே கேட்டவர், கஞ்சா அத்தியாயத்தில் அக்கேள்வியைக் கேட்கவில்லை. கிழங்கைப் பேசும்போது நிறுவனத்துக்கும் உழவனுக்கும் இடைப்பட்ட பகைமை தெரிகின்ற கண்ணுக்கு, பூவைப் பேசும்போது தோட்டக்காரன் ஒருவன் மட்டுமே தெரிகின்றான்.

இரண்டாவது மறுப்பு அவருடைய அடிப்படைக் கோட்பாடு பற்றியது. ‘மனிதனின் ஆசை’ என்கின்றார். எந்த மனிதனின் ஆசை? ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் வேறு வருவாயின்றிக் கஞ்சா பயிரிடும் ஆதிவாசியை நடத்துவது போதையின் ஆசையன்று. வியாபாரி தரும் முற்பணம். 2021இல் ஆந்திரப் பொலிசார் விசாகப்பட்டின மலைப்பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர்ப் பயிரை அழித்தனர். நம் கரைக்கு வரும் ‘கேரள’ப் பொதிகளுட் பல அம்மலைகளிலிருந்தே புறப்படுகின்றன, பெயர் மட்டும் பழையதாய் நிலைத்துவிட்டது. இராமேஸ்வரத்திலிருந்து படகேறுபவனும் பேசாலைக்கு அப்பாற் பொதியை ஏற்பவனும் செடியின் அழகில் மயங்கியவர்களா? மீன்பாடு குறைந்த, கடன் மிகுந்த வீடுகளிலிருந்து கூலிக்குச் செல்வோரே அவர்கள். செடிக்கு ஒரு நோக்குநிலையைத் தேடித் தந்த நூல், அதனைச் சுமக்கும் மனிதனுக்கு நோக்குநிலை தேடவில்லை.

பொலன் தம் இளமை நிகழ்ச்சியொன்றைச் சுவைபடக் கூறுகின்றார். கொனெக்ரிகட் மாநிலத்துத் தம் வீட்டின் பின்புறத்தில் இரண்டு கஞ்சாச் செடிகள் ஓங்கி வளர்ந்திருந்த வேளையில், விறகு கொணர்ந்து இறக்க வந்தவர் அவ்வூர்ப் பொலிஸ் தலைவர் என்று தெரிகின்றது. அவர் நடுநடுங்குகின்றார், செடிகள் வெட்டப்படுகின்றன, வாசகர் நகைக்கின்றார். அச்சத்தை நகைச்சுவைக் கதையாக்கும் வசதி எல்லோர்க்கும் கிடைப்பதன்று. தம் நாட்டில் இச்சட்டங்களால் சிறை புகுந்தோரையும் உடைமை இழந்தோரையும் பற்றிப் பொலன் நேர்மையுடன் எழுதுகின்றார். அதனை மறைப்பது நீதியாகாது. எனினும் அவரது சிறைச்சாலை அமெரிக்க எல்லைக்குள் முடிந்துவிடுகின்றது.

இந்நூல் வெளிவந்த பின் உலகம் மாறியுள்ளது. கனடாவில் 2018 ஒக்டோபர் முதல் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் ஒரு வீட்டில் நான்கு செடிகள் வளர்க்கலாம். ஜேர்மனியில் 2024 ஏப்பிரில் முதல் வயதுவந்தோர் மூன்று செடிகள் வளர்க்கலாம். ரொறன்ரோவில் வாழும் தமிழர் ஒருவர் தம் நிலக்கீழறையில் நான்கு செடிகளை வளர்த்து, நண்பர்க்குக் காட்டி மகிழ்ந்தால் அது பொழுதுபோக்கு. மன்னாரில் வாழும் அவர் தம்பி கொல்லைப்புறத்தில் ஒரு செடி வைத்தால் அது குற்றம். 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபினி, அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

உயிலங்குளத்தார்க்கு இது புதிய அநுபவமன்று. போர் ஆண்டுகளில் இவ்வூரின் சோதனைச் சாவடி இரு ஆட்சிகளின் எல்லையாய் நின்றது. பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், சாவடிக்கு இப்புறம் கடையில் விற்ற மின்கலம் அப்புறம் கொண்டு செல்லப்படின் குற்றமாயிற்று. யூரியா உரமும் அவ்வாறே. பொருளின் தன்மை மாறவில்லை. அதனை ஏந்திய கை எங்கே நின்றது என்பதே நன்மையையும் தீமையையும் தீர்மானித்தது. சட்டம் என்பது பொருளின் இயல்பிலிருந்து பிறப்பதன்று, அதிகார உறவுகளிலிருந்து பிறப்பது என்பதை நம் மாணவர்க்கு நூல் கொண்டு கற்பிக்க வேண்டியதில்லை.

அவ்வதிகார உறவு நம் நாட்டிலும் வெளிப்படையாகவே தொழிற்படுகின்றது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியத் தேவைக்குக் கஞ்சாவுக்கு இடமளிக்கின்றது. மதனமோதகம் போன்ற மருந்துகளில் அது சேர்ந்துள்ளது. 2022 நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் ஏற்றுமதிக்காக அதனைப் பயிரிடும் யோசனையை முன்வைத்தது. 2025இல் வெளிநாட்டு முதலீட்டாளர்க்கு அதற்கான அனுமதி வழங்கப்பட்டது. டொலருடன் வருபவன் பயிரிட்டால் அது முதலீடு. கூலிக்குப் பொதி சுமப்பவன் கையில் அது பாரிய குற்றம்.

விளக்கைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் வீட்டினுள்ளும் கட்டடத்தினுள்ளும் கஞ்சா வளர்ப்பதற்கு அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு செலவாகின்றது என 2012இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. நம் வயல்வெளியில் ஆண்டு முழுதும் கொட்டிக்கிடக்கும் வெயிலை, அங்கே கம்பி வழியே விலைகொடுத்து வாங்கி அறைக்குள் ஏற்றுகின்றனர். சட்டத்துக்கு அஞ்சி ஒளிந்ததனால் நேர்ந்த இவ்விரயம், அச்சம் நீங்கிய பின்னரும் பெருந்தொழிலின் முறையாகவே நிலைத்துவிட்டது. பொலன் வியந்த தோட்டக்காரனின் இடத்தில் இன்று பங்குச்சந்தை நிறுவனங்கள் அமர்ந்துள்ளன. சிறு கைவினைஞன் கண்ட நுட்பத்தை மூலதனம் விழுங்குவது வரலாற்றிற் புதிதன்று.

நம் வாதத்திலிருந்து இருவகைத் தவறான முடிவுகள் பெறப்படலாம். கஞ்சாவைப் பாவத்தின் உருவாகக் காட்டி, பிடிபட்டவனைத் தூற்றுவதே ஒழுக்கம் எனக் கருதுவது ஒன்று. மேனாட்டில் அனுமதித்துவிட்டார்கள், ஆகவே அது விடுதலையின் சின்னம் என்று பாராட்டுவது மற்றொன்று. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. அமெரிக்காவிற் பிடிபட்ட கஞ்சாவின் போதைச் சத்து 1995இற் சராசரி நூற்றுக்கு 4 அளவில் இருந்து, 2014இல் 12 அளவுக்கு உயர்ந்தது. வளரும் பருவத்தினரின் நினைவாற்றலையும் கவனத்தையும் அது பாதிக்கின்றது. சத்து மிக்க வகைகளை நாள்தோறும் பயன்படுத்துவோரிடை மனநோய் மிகுதியாகக் காணப்படுகின்றது. பின்வாங்கில் அமர்ந்து கண் சொக்கும் மாணவனை நாள்தோறும் காணும் ஆசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. போரின் துயரும் வேலையின்மையும் மண்டிய கரையில், மறதியை விற்கும் எந்தப் பொருளுக்கும் சந்தை உண்டு. மறதியின் இன்பம் குறித்தும் பொலன் பல பக்கங்கள் எழுதியுள்ளார். நிறைந்த வாழ்வுடையவன் ஒருகணம் மறப்பது வேறு. நினைக்க ஒன்றுமே தராத சமுதாயம் ஒருவனை மறதிக்குள் தள்ளுவது வேறு.

ஆகவே, நூலைத் தள்ளிவிடுமாறு நாம் சொல்லவில்லை. செடியொன்றின் வரலாற்றின் வழியே ஒரு காலத்தின் வரலாற்றை எழுதலாம் என்பதற்கு அது நல்ல சான்று. அந்த முறையை நம் எழுத்தாளர் கைக்கொள்ள வேண்டும்; அதன் எல்லையைக் கடக்கவும் வேண்டும். மலைச்சரிவில் முற்பணத்துக்குப் பயிரிடுபவனிடமிருந்து தொடங்கி, நீரிணையைக் கடக்கும் படகோட்டியையும், கைதானவனின் வழக்குச் செலவுக்குத் தாலிக்கொடியை அடகு வைக்கும் மனைவியையும், ஒருபோதும் பிடிபடாத முதலாளியையும், கடைசியில் விளக்கொளியில் இலையைத் தடவி மகிழும் மேனாட்டுத் தோட்டக்காரனையும் ஒரே கதையின் மாந்தராகக் காட்டும் எழுத்து நமக்கு வேண்டும். ‘இத்தனை கிலோ பிடிபட்டது’ என்னும் செய்தியின் கீழ்ப் புதைந்து கிடக்கும் அவ்வாழ்க்கையை நன்கறிந்தவர் கரையோரப் பாடசாலைகளின் ஆசிரியரும் மாணவருமேயாவர். அவர்கள் எழுதத் தொடங்குவார்களாக.