இழுத்தாலும் நீளாத கயிறு

காற்று வலுத்ததும் கைதேர்ந்த மாலுமியின் கண் பெரிய பாயின் முன்விளிம்புக்குத்தான் போகும். பாய்மரத்தை ஒட்டிய அந்த ஓரத்தில் குறுக்கே சுருக்கங்கள் விழுந்திருந்தால், பாயை ஏற்றிப் பிடித்திருக்கும் கயிறு நீண்டுவிட்டது என்று பொருள். ஹாலியார்டு என்கிற அந்தக் கயிறு இளகினால் பாயின் வயிறு பின்னுக்கு நகரும். முன்னே தள்ள வேண்டிய காற்று படகைச் சாய்க்கும், சுக்கான் கனக்கும்.

கணக்கு எளிது. தளத்திலிருந்து 14 மீட்டர் உயரும் பாய்மரம் என்றால், உச்சிக் கப்பியிலிருந்து கீழே கயிற்றைக் கவ்வும் கிளட்ச் வரை விறைத்து நிற்பது சுமார் 16 மீட்டர். அது இரண்டு சதவீதம் நீண்டால் 32 சென்டிமீட்டர் போயிற்று.

நைலான் இங்கே உதவாது. நங்கூரக் கயிறாக அது அருமையான சரக்கு. அலையின் உதறலைத் தன் நீட்சியில் வாங்கிக்கொள்ளும். பாயேற்றும் வேலையில் அதே குணம் குற்றமாகிறது. அதனால்தான் பல்லாண்டுகள் எஃகுக் கம்பிவடமே மேலே ஏறியது. நீளாது, உண்மைதான். ஆனால் அதில் அறுந்த ஒற்றை இழை போதும், உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த பாலியெஸ்டர் இழைதான் உல்லாசப் படகுகளின் அன்றாடக் கயிறானது. அடுத்த பாய்ச்சல் நெதர்லாந்தில். 1970களின் இறுதியில் டி.எஸ்.எம். நிறுவனத்தின் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் பாலிஎத்திலீனைக் கரைத்து, கூழ்மமாக நூற்று, மூலக்கூறுகள் எல்லாம் ஒரே திசையில் படுக்கும்வரை இழுத்தார்கள். டைனீமா பிறந்தது. தண்ணீரில் மிதக்கும், எடைக்கு எடை எஃகை விஞ்சும்.

கடையில் வெட்டுமுனையைப் பிரித்துப் பார்ப்பது தனி சுகம். சாதாரண இரட்டைப் பின்னலில் உறைக்குள் இன்னொரு பின்னல் இருக்கும். இழுக்கும்போது அந்தப் பின்னல் இறுகுவதாலும் நீட்சி வரும். இணை இழை பாலியெஸ்டரில் உள்ளே பின்னலே கிடையாது. வெள்ளை இழைகள் துடைப்பக் குச்சிபோல் நேராகக் கிடக்கும். நீட்சி குறைவு, பதிலுக்குக் கயிறு முரடு, சுருட்டி வைத்தால் அடங்காது. டைனீமா உள்கயிறோ மெழுகு தடவியதுபோல் விரலில் வழுக்கும். அந்த வழவழப்பால் முடிச்சு நழுவும். முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னி வளையம் செய்வதுதான் சரி.

டைனீமாவுக்கு இன்னொரு குறையும் உண்டு. சுமையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் மெல்ல ஊர்ந்து நீளும். ஒருமுறை நீண்டது திரும்பாது. இறக்காமல் சுருட்டி வைக்கும் சுருள்பாயைப் பருவம் முழுக்க ஏற்றியே வைப்பவர்களுக்கு இது முக்கியம். இந்த ஊர்தலைக் குறைக்கவென்றே டி.எம்.20 என்ற ரகம் வந்தது.

அப்படியானால் எல்லாக் கயிறும் டைனீமாவா? தேவையில்லை. 2022 கோல்டன் குளோப் பந்தயத்தில் இத்தகைய நவீன இழைகளுக்குத் தடை. பழைய வகைக் கயிறுகளோடுதான் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் தனியாக உலகைச் சுற்றி முதலிடம் பெற்றார். நம் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டாமி இரண்டாமிடம். டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியில் தைத்த பாய் தானே கொஞ்சம் நீளும். அதை நீளாத கயிற்றில் தூக்கக் காசு செலவழிப்பது வீண் ஜம்பம்.

பயணப் படகின் பெரிய பாய்க்கு இணை இழை பாலியெஸ்டர், ஏற்றியபடியே நிற்கும் சுருள்பாய்க்கு பாலியெஸ்டர் உறை போட்ட டைனீமா, திடீர் உதறல் வாங்கும் ஸ்பின்னக்கர் என்ற பலூன் பாய்க்கு சாதாரண இரட்டைப் பின்னல். இதுவே போதும். பருமனைத் தீர்மானிப்பது வலு அல்ல, கை. 6 மில்லிமீட்டர் டைனீமா சுமையைத் தாங்கிவிடும். பிடித்து இழுக்கும் கையும் கிளட்சும்தான் திணறும். 10 அல்லது 12 மில்லிமீட்டர் கைக்கு அடங்கும்.

வாங்கும்போது இரண்டு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். உச்சிக் கப்பியில் உரசும் இடம்தான் முதலில் தேயும். ஆண்டுக்கொருமுறை பாய்ப்பக்க முனையைக் கொஞ்சம் வெட்டினால் அந்த இடம் மாறிவிடும். கம்பிவடத்துக்கென வி வடிவப் பள்ளம் வெட்டிய பழைய கப்பி மேலே இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள். புதுக் கயிறு பிறகு.