பரிசிலும் பல வாயில்களும்

முரசுகட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரை வாளால் வெட்டாமல், அருகில் நின்று கவரி வீசினான் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தமிழ் விழா மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் செய்தி இது. சங்க காலத்தில் அரசன் புலவனுக்குப் பணிந்தான் என்பது அதிலிருந்து கொள்ளப்படும் முடிபு.

புறநானூற்றை முழுமையாக நோக்கின் இம்முடிபு நிற்பதில்லை. அதே நூலில் பெருந்தலைச் சாத்தனாரின் வீட்டு அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. தாயின் வற்றிய மார்பைச் சுவைத்துக் குழந்தை அழுகிறது. கவரி வீசியது அரசனின் பெருந்தன்மை. புலவனுக்குரிய உரிமை அன்று. இரும்பொறை வேறு மனநிலையில் இருந்திருந்தால் வாளே பேசியிருக்கும்.

ஆயின் புலவரின் தலைநிமிர்வு பொய்யா? அன்று. அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. தம்மை நேரிற் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்தார். இளவெளிமான் சிறிதே கொடுத்தபோது அதனையும் கொள்ளாது சென்று, குமணனிடம் யானை பெற்று வந்து, இளவெளிமானின் காவல்மரத்திலேயே கட்டினார். இந்தச் சினத்துக்குத் துணைநின்றது குமணன் என்றொருவன் இருந்தமையே. மூவேந்தரும் வேளிர் பலரும் புகழுக்குப் போட்டியிட்ட நாட்டில், ஒரு வாயில் அடைத்தால் மற்றொரு வாயில் இருந்தது. அதியமானின் வாயிற்காவலனிடம் ஒளவையார் சினந்து கூறுவதும் இதனையே.

வாயில் மாறுவதில் இடரும் உண்டு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் சென்ற இளந்தத்தனாரை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர்கிழாரின் பாட்டு அவரைக் காத்தது. இந்நிகழ்ச்சிகளிற் பல, பிற்காலத்தார் சேர்த்த அடிக்குறிப்புகளால் அறியப்படுவன. எனினும் பரிசில் நாடி அலைந்த வாழ்வுக்குப் பாடல்களே சான்று.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவும் இதனை மெய்ப்பிக்கும். 1750-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் அவைக்குச் சென்ற வால்டேர், ஊதியமும் பட்டமும் பெற்றார். 1753-இல் மனம் கசந்து வெளியேறியபோது, மன்னர் எழுதிய கவிதை நூலைத் திருப்பித் தரும்படி பிராங்க்பர்ட்டில் மன்னரின் ஆட்கள் அவரைத் தடுத்து வைத்தனர். வால்டேர் விடுதலையோடு வாழ்ந்தது பின்னாளில். பெர்னேயில் தாமே வாங்கிய நிலத்தில்.

எட்டயபுரம் அரண்மனைப் பணியைத் துறந்த பாரதிக்கு, 1904-இல் 'சுதேசமித்திரன்' புதிய வாயிலாயிற்று. கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுக் கடையத்தில் வறுமையில் வாழ்ந்த 1919-இல், எட்டயபுரம் ஜமீன்தாருக்கே சீட்டுக்கவி எழுதினார். அதன் நடையில் சங்கப் புலவரின் மிடுக்கு இருந்தது, பயன்தான் விளையவில்லை. மிடுக்கைப் பொருட்படுத்தச் செய்யும் இன்னொரு புரவலன் அன்று இல்லை. 1920-இல் மீண்டும் அவரைத் தாங்கியது அப்பத்திரிகையே.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் நடக்கும் நூல் வெளியீடுகள் பலவற்றில், முதல் நூல் பெறும் பிரமுகர் தரும் தொகையே அச்சுச் செலவை ஈடுசெய்கிறது. பொன்னாடை போர்த்தி அவரைப் புகழும் எழுத்தாளரிடம் பெருஞ்சித்திரனாரின் துணிவில்லை என்று குறைகூறுதல் எளிது. பிரிக்பீல்ட்ஸ் கடையில் அந்நூலைக் காசு கொடுத்து வாங்குவோர் எத்தனை பேர் என்பதே முதலிற் கேட்கத்தக்க வினா. குமணன் இல்லாத நாட்டில் காவல்மரத்தில் கட்டுவதற்கு யானை கிடையாது.