முடுக்கம், எடை, விசை: தங்கவயல் நோக்கில் இயற்பியல் கலைச்சொற்கள்

கலைச்சொல் பொருட்செறிவு உடையதாயின் மட்டும் போதாது. கற்பவர் முன்னரே அறிந்த வழக்குடன் அது முரணும் இடத்தையும் பாடநூல் சுட்டுதல் வேண்டும். இயக்கவியல் பாடங்களில் இக்கடமை பெரிதும் கைவிடப்பட்டுள்ளது. இதனைக் கோலார் தங்கவயலைக் கொண்டு ஆராயலாம்.

தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் உழைத்த இச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. (1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவு செய்யப்பட்டதும் தங்கவயலின் ஆழத்தில்தான், இயற்பியல் அவ்வூருக்குப் புதிதன்று.) 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவர் கம்பிவடத்தில் தொங்கும் கூண்டில் இறங்குவதாகக் கொள்க. புறப்படுகையில் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 1 மீட்டர் வீதம் கூடுமாயின், கூண்டின் தளம் அவரைத் தாங்கும் விசை 588 நியூட்டனிலிருந்து 528 நியூட்டனாகக் குறையும். உடல் இலேசாவதுபோல் தோன்றும். வேகம் சீரானதும் அது மீண்டும் 588 ஆகும். அடித்தளத்தை நெருங்கி அதே வீதத்தில் வேகம் தணிகையில் 648 ஆகும், கால்கள் கனக்கும். இறங்குமளவும் உடல் இலேசாகவே இருக்கும் என்னும் எண்ணம் பிழையானது.

இவ்விறுதிக் கட்டத்தில்தான் சொல் இடறுகிறது. கூண்டு கீழ்நோக்கிச் செல்கிறது, முடுக்கமோ மேல்நோக்கியது. ‘முடுக்கு’ என்னும் வினைக்கு விரைந்து செலுத்துதல் என்பதே வழக்கிலுள்ள பொருள். வேகம் தணிவதை முடுக்கம் எனக் கேட்கும் மாணவர் திகைப்பது இயல்பே. ‘எதிர்முடுக்கம்’ என்பதும் தீர்வாகாது. எதற்கு எதிர் என்பதை அச்சொல் உணர்த்தவில்லை. இலங்கைத் தமிழில் ஆர்முடுகல், அமர்முடுகல் என இருசொற்கள் உள்ளன. கூடுதலும் தணிதலும் அவற்றால் தெளிவாகப் பிரிகின்றன. ஆயின் திசையைக் குறிக்கும் பணியை அவையும் செய்யவில்லை.

எடையின் நிலை இன்னும் சிக்கலானது. தமிழ்நாட்டில் ‘நிறை’ என்பது பொருளின் அளவு. ‘எடை’ அதன்மீது புவி செலுத்தும் ஈர்ப்பு விசை. இலங்கையில் முன்னது ‘திணிவு’, பின்னது ‘நிறை’. ஒரே சொல் பாக் நீரிணையின் இருகரையிலும் இருவேறு பொருள் தருவதால், ஒருபுறத்து நூலை மறுபுறத்தார் பயில்கையில் நேரும் குழப்பம் சிறிதன்று. கடைவீதியிலோ எடை கிலோவில்தான் சொல்லப்படுகிறது. கூண்டினுள் மாறுவது நிறையுமன்று, பாடநூல் கூறும் எடையுமன்று, தளத்தின் தாங்குவிசையே. ‘தோற்ற எடை’ என்னும் பெயர் இதனை மறைத்துவிடுகிறது. ‘தாங்குவிசை’ என்றே வழங்கின் கணக்கும் உடலுணர்வும் பொருந்தும்.

‘விசை’ என்னும் சொல்லும் தப்பவில்லை. விசைத்தறி, விசைப்படகு என்பனவற்றில் அது பொறியின் இயக்கத்தையோ மின்சாரத்தையோ குறிக்கும். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு வந்த மின்சாரத்தை ஒருவர் ‘விசை’ என்றால், பொதுவழக்கின்படி அது தவறாகாது. பாடநூலின்படி தவறாகும், ஏனெனில் அங்கு அதற்குரிய சொல் ‘திறன்’. இவ்வேறுபாட்டை ஓர் அடிக்குறிப்பேனும் விளக்கியிருக்கலாம்.