துறைமுகத்தைக் கடந்து போகும் பேருந்துகள்: சொகுசுக் கப்பல் சுற்றுலாவும் வட சென்னையும்

இந்தியாவில் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை 2029-க்குள் இரட்டிப்பாக்கும் நோக்குடன் ஒன்றிய அரசு 2024 செப்டம்பர் 30 அன்று மும்பையில் ‘குரூஸ் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து, இத்தொழிலுக்கு ஆதரவாக ஒரே வாதம் பல மேடைகளில் முன்வைக்கப்படுகிறது. சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் துறைமுகம் செழிக்கும், துறைமுகம் செழித்தால் அதைச் சுற்றி வாழும் மக்களும் செழிப்பர் என்பதே அது. சென்னையில் அவ்வாதத்துக்குச் சான்றுகளும் காட்டப்படுகின்றன: 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல், 2023 ஜூன் 5 அன்று ஒன்றிய அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடங்கிவைத்த சென்னை–இலங்கைப் பயணம், 17.21 கோடி ரூபாய்ச் செலவில் 2,880 சதுர மீட்டர் பரப்பில் எழுந்த பயணியர் முனையம். இவை யாவும் உண்மை. இவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் பிழை. துறைமுகத்தை ஒட்டி வாழும் மக்களுக்கு இச்சுற்றுலா ஒன்றும் தரவில்லை. அவர்களுக்கு எதுவும் போய்ச் சேராதவாறே அதன் நடைமுறை வகுக்கப்பட்டிருக்கிறது.

இப்பயணத்தின் நன்மைகளை மறுக்க வேண்டியதில்லை. நடக்கவும் படியேறவும் சிரமப்படும் முதியவர்கள், பெட்டியை ஒருமுறை மட்டும் பிரித்து வைத்துவிட்டு, இரண்டு மூன்று ஊர்களைப் பார்த்துத் திரும்ப முடிகிறது. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் கடல்மேல் ஓர் இரவைக்கூடக் கழித்திராத சென்னைக் குடும்பங்களுக்கு அந்த அனுபவம் கைக்கெட்டியிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பலைக் கிழக்குக் கரைக்குத் திருப்புவதும் நல்ல ஏற்பாடே. இவ்வளவும் பயணியின் பக்கத்து நியாயங்கள். துறைமுகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறாகிறது.

கப்பலின் உள்வாழ்க்கை எப்படி அமைக்கப்பட்டுள்ளது என்பதிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டு, வேறு பெயர்களில் வேறு கடல்களில் ஓடி, இந்தியாவுக்கு வந்த ‘எம்பிரஸ்’ கப்பலில் ஏறத்தாழ 800 அறைகள் உள்ளன. உணவரங்குகள், நீச்சல் குளம், நாடக அரங்கு, கடைகள், சூதாட்டக் கூடம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். பயணக் கட்டணத்திலேயே மூன்று வேளை உணவும் சேர்ந்துவிடுவதால், இடையில் எந்த ஊரில் இறங்கினாலும் அங்கே உண்பதற்கான தேவை பயணிக்கு எழுவதில்லை; உண்டால், ஏற்கெனவே பணம் கட்டிய உணவை இழந்தவராகிறார். சென்னையிலிருந்து விற்கப்படும் இரண்டு இரவுப் பயணத்திலோ இறங்குவதற்கு ஊரே கிடையாது. கப்பல் ஆழ்கடலுக்குப் போய், அங்கேயே உலவி, புறப்பட்ட துறைக்கே திரும்பிவிடுகிறது. கப்பலே சென்றடையும் இடமாகிவிட்ட இந்த ஏற்பாட்டில் துறைமுக நகரம் ஏறுவதற்கும் இறங்குவதற்குமான படியாக மட்டுமே எஞ்சுகிறது. உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோய், ஹெய்ட்டியின் லபாடி போன்ற இடங்களைக் குத்தகைக்கு எடுத்து, வேலியிட்டு, பயணி கரையில் செலவிடும் பணத்தையும் தம் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டுள்ளன.

ஊர்களில் நிற்கும் பயணங்கள் இதிலிருந்து மாறுபட்டவை என்று இத்தொழிலின் ஆதரவாளர்கள் கூறுவர். அவர்கள் சுட்டுவது கரைச்சுற்றுலாவை, அதாவது கப்பல் ஒரு துறையில் காலையில் நின்று மாலையில் புறப்படும் இடைவெளியில் பயணிகளைப் பேருந்துகளில் ஏற்றிச்சென்று காட்சிகளைக் காட்டித் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாட்டை. இதன் நடைமுறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். கரைச்சுற்றுலாவைக் கப்பல் நிறுவனமே, பெரும்பாலும் கப்பலில் வைத்தே விற்கிறது. ஊரிலுள்ள ஒரு பயண முகவரோடு மொத்த ஒப்பந்தம் செய்துகொண்டு, பயணியிடம் பெறும் தொகைக்கும் முகவருக்குத் தரும் தொகைக்கும் இடையிலான வேறுபாட்டைத் தன் வருவாயாக்கிக்கொள்கிறது. பயணி தனியே ஆட்டோ பிடித்து ஊரைச் சுற்றத் தடை இல்லை. ஆனால் கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த குழு தாமதமானால் கப்பல் காத்திருக்கும் என்பதும், தானாகச் சென்றவர் தாமதமானால் அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிடும் என்பதும் இத்தொழில் உலகெங்கும் பின்பற்றும் வழக்கம். அறியாத ஊரில் கப்பலைத் தவறவிடும் அச்சத்தைவிடத் திறமையான விற்பனையாளர் யாரும் இல்லை. அந்த அச்சம்தான் பயணியைப் பேருந்துக்குள் அமர்த்துகிறது, ஊர்க்காரரின் ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது.

சென்னையில் நிற்கும் பன்னாட்டுக் கப்பல்களின் பயணிகளை ஏற்றிக்கொண்டு அப்பேருந்துகள் தெற்கே திரும்புகின்றன. மாமல்லபுரம், தட்சிணசித்ரா, காஞ்சிபுரம், சற்றே நேரம் குறைந்தவர்களுக்கு மயிலாப்பூரும் கோட்டையும் என்று அந்தப் பட்டியல் பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கிறது. துறைமுகத்தின் வடசுவரை ஒட்டி ராயபுரமும் காசிமேடும் தொடங்குகின்றன. அவற்றுக்கு அப்பால் திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர். அப்பக்கம் ஒரு பேருந்தும் போவதில்லை. துறைமுகத்தின் சுமையையெல்லாம் சுமப்பதும் அப்பக்கமே. இந்த ஒரு குறைக்கு முன்னால் இத்தொழிலின் மற்ற நிறைகள் எடை இழந்துவிடுகின்றன.

அச்சுமை நேற்று வந்ததன்று. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி நகர்ந்துவரும் மணலை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா கடற்கரையை அகலமாக்கியது; மணல் வரத்து அற்றுப்போன வடகரையைக் கடல் அரித்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருக்களும் கோயில்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. இன்று அங்கே கடற்கரை என்பது பாறாங்கற்களைக் கொட்டி எழுப்பிய தடுப்பும், ‘தூண்டில் வளைவு’ என்று மீனவர்கள் அழைக்கும், கடலுக்குள் நீளும் கல்வரிசைகளும்தான். கட்டுமரத்தையும் ஃபைபர் படகையும் ஏற்றி வைக்க மணல் இல்லாத குப்பங்கள் அங்கே இருக்கின்றன. கப்பல் பயணிக்குச் சென்னையின் பெருமையாகக் காட்டப்படும் மெரினாவும், அவருக்குக் காட்டப்படாத அந்தக் கற்சுவரும் ஒரே துறைமுகத்தின் இரு விளைவுகள்.

சுற்றுலாவுக்காகத் துறைமுகம் தூய்மையாகிவிட்டது என்னும் பெருமிதமும் ஆராயத் தக்கது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளப்படுவது உயர் நீதிமன்ற ஆணையின்படி 2011 அக்டோபரிலிருந்து நிறுத்தப்பட்டது. சுற்றியிருந்த குடியிருப்புகளில் கருந்தூசி படிவது குறைந்ததால் அந்த ஆணை வரவேற்கத் தக்கதே. ஆனால் நிலக்கரி எரிக்கப்படுவது நிற்கவில்லை. அதன் இறக்குமிடம்தான் எண்ணூருக்கு மாறியது. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தைத் தூர்த்துக்கொண்டிருந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை, எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் பரவி, வலைகளையும் படகுகளையும் வீடுகளின் சுவர்களையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். துறைமுகத்தில் வெண்மையான சுற்றுலாக் கப்பல் நிற்பதற்கு இடம் கிடைத்ததும், வடக்கே கருமை பெருகியதும் தனித்தனி வரலாறுகள் அல்ல. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுக வாயில்வரை வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளுக்கு இடையே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது விளக்காமலே தெரியும்.

சுற்றுலாக் கப்பலும் தன் பங்குக்குச் சுமை சேர்க்கிறது. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுப்பதற்கான பன்னாட்டு மார்ப்போல் விதிகள், அரைத்துக் கிருமி நீக்கிய கழிவுநீரைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பாலும், அவ்வாறு செய்யப்படாததை 12 கடல் மைலுக்கு அப்பாலும் கடலில் விட இடமளிக்கின்றன. ஊர் எதையும் நாடாமல் ஆழ்கடலில் உலவித் திரும்பும் பயணத்தில் பயணிகள் விட்டுச்செல்லும் மிச்சம் கடலுக்கே உரியதாகிறது; காசிமேட்டு விசைப்படகுகள் வலை இழுப்பதும் அக்கடலில்தான்.

2022 ஜூனில் புதுச்சேரியில் ‘எம்பிரஸ்’ கப்பலின் பயணிகள் இறங்க அனுமதி கிடைக்காதபோது எழுந்த விவாதம், இங்கு வருத்தத்தோடு நினைவுகூர வேண்டியது. சூதாட்டமும் மதுவும் பண்பாட்டைக் கெடுக்கும் என்பதைச் சுற்றியே அன்று எதிர்ப்பு அமைந்தது. ஆதரவாளர்கள் அதை மறுத்ததோடு விவாதமே முடிந்துவிட்டது போலாயிற்று. கப்பல் வருவதால் கரையில் யார் என்ன பெறுகிறார், யார் என்ன இழக்கிறார் என்ற கேள்வி ஒழுக்கக் கேள்வியின் இரைச்சலில் மறைந்துபோனது.

வட சென்னையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வி அறியாமையிலிருந்து பிறப்பது. 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம், நாட்டில் இன்றும் நிற்கும் ரயில் நிலையங்களில் மிகப் பழமையானது. துறைமுகம் கட்டப்படுமுன் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து பயணிகளையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரைசேர்த்த படகோட்டிச் சமூகத்தார் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய புனித பேதுரு ஆலயம் அங்கேதான் இருக்கிறது. பார்சிகளின் அக்கினி ஆலயமும் அங்கேதான். திருவொற்றியூரில் தியாகராசர், வடிவுடையம்மன் சன்னிதிகளும், சுந்தரர் சங்கிலியாரை மணந்த மரபும், பட்டினத்தார் சமாதியும் உள்ளன. விடியுமுன் காசிமேட்டில் நடக்கும் மீன் ஏலத்தை ஒருமுறை கண்டவர் மறக்க மாட்டார். சேரிகளைக் காட்சிப்பொருளாக்கும் சுற்றுலா வேண்டும் என்பது இங்கு கோரப்படவில்லை. அது வராமலிருப்பதே நல்லது. கப்பலின் சமையலறைக்கு மீன் காசிமேட்டிலிருந்து வாங்கப்படட்டும், முனையத்தின் வேலைகளுக்கு ராயபுரம், திருவொற்றியூர் இளைஞர்கள் முதலில் எடுக்கப்படட்டும், ஊர்க்காரரின் ஆட்டோவுக்கும் வேனுக்கும் முனையத்தில் நிறுத்துமிடம் கிடைக்கட்டும். பெரிய முதலீடு எதுவும் தேவைப்படாத இந்த ஏற்பாடுகள், கப்பலைப் புகழ்ந்து பேசப்பட்ட மேடைகளில் கோரிக்கையாகக்கூட எழவில்லை.

கப்பலில் பயணம் செய்வதே ஊரைப் புறக்கணிப்பதாகும் என்றும் சொல்ல முடியாது. சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் ஓடிய ‘ரஜுலா’வும், அதன்பின் 1985-இன் தீவிபத்துவரை ஓடிய ‘எம். வி. சிதம்பரம்’ கப்பலும் தொழிலாளரையும் வணிகரையும் உறவினரையும் கொண்டுசென்றன. ஏறுபவர் முந்தைய நாளே வந்து துறைமுகத்தருகே தங்கினார், உண்டார், பொருள் வாங்கினார். இறங்கியவரை எதிர்கொள்ள ஊரே வந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய பயணியர் கப்பலும் அவ்வகையைச் சேர்ந்தது. அதில் செல்பவர் யாழ்ப்பாணத்தில் நாட்கணக்கில் தங்குகிறார். சென்னையிலிருந்து சென்ற சொகுசுக் கப்பல் அதே காங்கேசன்துறையில் நின்றபோது, போரினால் பல்லாண்டு இடம்பெயர்ந்திருந்த வலிகாமம் வடக்கு மக்களின் மண்ணில் பயணி கால்வைத்ததும், நல்லூருக்கு விரைந்து சென்று திரும்பியதும் சில மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டன. ஒரே கடலைக் கடக்கும் இவ்விரு கப்பல்களில் கரையோடு உறவு கொள்வது எது என்பதில் ஐயமில்லை.

துறைமுக வருவாய் அரசுக்குத்தானே வருகிறது என்பது ஆதரவாளர்களின் கடைசி அரண். சென்னைத் துறைமுகம் ஒன்றிய அரசின் ஆணையத்துக்கு உட்பட்டது. கப்பல் செலுத்தும் நிறுத்தக் கட்டணம் ஆணையத்தின் கணக்கில் சேர்கிறதேயன்றி, அரிப்புக்குள்ளான குப்பங்களின் கணக்கில் சேர்வதில்லை. அலாஸ்காவில் 2006-இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியாகக் கப்பல் பயணிகள்மீது தலைவரி விதிக்கப்பட்டு, அதன் ஒரு பகுதி கப்பல் நிற்கும் ஊர்களுக்கே பகிரப்படுகிறது. அம்மாநிலத் தலைநகரான ஜூனோ, சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில் தன் கரைக்கு வரக்கூடிய கப்பல் பயணிகளின் எண்ணிக்கைக்கு 2026 முதல் 16,000 என்று வரம்பு கட்ட நிறுவனங்களோடு உடன்பாடு செய்தது. வெனிஸ் நகரின் நடுக் கால்வாய்களில் பெருங்கப்பல்கள் நுழைவதை இத்தாலி 2021 ஆகஸ்டில் தடைசெய்தது. இவ்வூர்களிலெல்லாம் கப்பலுக்கு எதிரே கரை ஒரு தரப்பாக எழுந்து நின்று தன் நிபந்தனையைச் சொல்ல முடிந்தது. சென்னையில் துறைமுக ஆணையமும் சுற்றுலாத் துறையும் கப்பல் நிறுவனமும் உட்காரும் மேசையில் காசிமேட்டு மீனவர் சங்கத்துக்கும் எண்ணூர்க் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கும் நாற்காலி போடப்பட வேண்டும்; பயணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை விதிக்கப்பட்டு, அது தூண்டில் வளைவுகளின் பராமரிப்புக்கும் கழிமுகத்தின் சீரமைப்புக்கும் நேராகப் போய்ச் சேர வேண்டும்.