தோன்றா எழுவாய்

2020 மார்ச் 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். மறுநாள் காலை எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. வீட்டிலிருக்கும் குழந்தைகளை எப்படி மகிழ்ச்சியாக வைத்திருப்பது என்பதற்கு ஐம்பது வழிகள். பழைய செய்தித்தாளில் கப்பல் செய்து கொடுங்கள். பாட்டி காலத்துப் பல்லாங்குழியைத் தூசி தட்டி எடுங்கள். கோதுமை மாவில் வண்ணம் கலந்து உருட்டக் கொடுங்கள். கதை சொல்லுங்கள், சொல்லவிட்டுக் கேளுங்கள். நானும் அதை நாலு பேருக்கு அனுப்பினேன். அப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஆறு.

இலக்கணம் நடத்துகிறவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும் எழுவாயைத் தேடுவாள். அந்த ஐம்பது வாக்கியங்களிலும் எழுவாய் இல்லை. செய்யுங்கள், எடுங்கள், கலக்குங்கள், கொடுங்கள். வெளியே சொல்லாவிட்டாலும் பொருளால் உணரப்படும் எழுவாயைத் தோன்றா எழுவாய் என்று முதலாண்டு மாணவிகளுக்குச் சொல்லித் தருகிறோம். இந்தப் பட்டியலின் தோன்றா எழுவாய் யாரென்று எங்கள் குழுவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பாக்கள் அதற்குக் கைதட்டும் படம் போட்டார்கள். அம்மாக்கள் கோதுமை மாவு இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்த்தார்கள்.

குழந்தையை மகிழ்விக்கும் வழிகளைப் பட்டியலிடுவது தமிழுக்குப் புதிதில்லை. அதற்கென்றே ஒரு சிற்றிலக்கிய வகை வைத்திருக்கிறோம். கிருஷ்ணனின் பிள்ளைப் பருவத்தை யசோதையாக நின்று பாடிய பெரியாழ்வாரைப் பிள்ளைத்தமிழின் முன்னோடி என்கிறோம். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மேல் பிள்ளைத்தமிழ் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மை மேல் பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற ஏழு பருவங்கள் இரு பாலுக்கும் பொது. அதன் பிறகு பாதை பிரிகிறது. ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். தலையை நிமிர்த்தி ஆடு, கைகளைச் சேர்த்துத் தட்டு, முத்தம் கொடு, நடந்து வா என்று ஒவ்வொரு பருவத்திலும் யாரோ குழந்தையைக் கெஞ்சிக்கொண்டே இருக்கிறார்கள். இங்கும் கெஞ்சுகிறவர் பெரும்பாலும் தோன்றா எழுவாய்தான். தாய் என்று வைத்துக்கொள்கிறோம், செவிலி என்றும் வைத்துக்கொள்கிறோம். பாடியவர்களில் ஒருவர் அரசவைப் புலவர், ஒருவர் துறவி. பாடல் முழுக்கத் தாயின் குரல் இருக்கிறது. அவளுடைய இடுப்பு வலி எந்த இடத்திலும் இல்லை.

இருபது ஆண்டுகளாக இந்த நூல்களை நடத்துகிறேன். சந்த நயத்தையும் உவமையையும் சொல்லி வியந்திருக்கிறேன். வியப்பு இன்னும் போகவில்லை. ஆனால் ஊரடங்கில், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து அம்புலிப் பருவம் நடத்திக்கொண்டிருந்த ஒரு காலையில், பாடம் வேறு மாதிரி கேட்டது. நிலவைக் குழந்தையோடு விளையாட வா என்று அழைப்பது இந்தப் பருவம். சாம, பேத, தான, தண்டம் என்ற நால்வகை உபாயத்தாலும் நிலவைப் பணியவைக்க வேண்டும். நீயும் இவளும் ஒன்று என்று இனிமையாகச் சொல்வது சாமம். நீ எங்கே, இவள் எங்கே என்று வேற்றுமை காட்டுவது பேதம். வந்தால் இன்னது கிடைக்கும் என்பது தானம். வராவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா என்பது தண்டம். பாடக் கடினமான பருவம் என்பதால் 'அம்புலி புலி' என்று புலவர்களிடையே ஒரு வழக்கும் உண்டு. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மகன் என் புடவையைப் பிடித்து இழுத்தான். ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, "அம்மா கிளாஸ் எடுக்கிறேன்ல, ராஜா, அஞ்சே நிமிஷம்" என்றேன். பிறகு, "அக்காவப் பாரு, எவ்வளவு சமத்தா இருக்கா" என்றேன். பிறகு கைபேசியைக் கொடுத்தேன். மதியம் அவன் அதைத் திருப்பித் தர மறுத்தபோது முதுகில் ஒன்று வைத்தேன். நான்கு உபாயமும் அன்று ஒரே நாளில் முடிந்துவிட்டன. புலவனுக்குப் புலியாக இருந்தது சிலேடை. நிலவைக் காட்டிக் குழந்தைக்குச் சோறூட்டும் பெண்ணுக்குப் புலி எது என்று நான் வகுப்பில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அவளுடைய களைப்பைப் பதிவு செய்தது எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் தாலாட்டு. அழும் பிள்ளையிடம் உன்னை அடித்தது யார் என்று கேட்டுக்கொண்டே, அத்தையா, பாட்டியா, மாமனா என்று வரிசையாக உறவுகளை இழுத்துவந்து நிறுத்தும் தாலாட்டுகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பிள்ளைக்கு அது தூங்க ஒரு ராகம், பாடுகிறவளுக்கு மாமியார் வீட்டின்மேல் உள்ள மனக்குறையைச் சத்தம் போட்டுச் சொல்லக் கிடைத்த ஒரே நேரம். நா. வானமாமலை போன்றவர்கள் நாட்டுப்பாடல்களைத் தொகுத்துத் தராமல் போயிருந்தால் இதை நாம் இலக்கியம் என்றே ஒப்புக்கொண்டிருக்க மாட்டோம். இன்றும் பாடத்திட்டத்தில் பிள்ளைத்தமிழ் 'சிற்றிலக்கியம்' என்ற தாளில் இருக்கிறது. தாலாட்டு 'நாட்டுப்புறவியல்' என்ற வேறொரு தாளில் இருக்கிறது. இரண்டும் ஒரே தொட்டிலின் இரண்டு பக்கங்கள் என்பதைச் சொல்ல எந்தத் தாளிலும் இடமில்லை.

கணக்கும் பார்த்துவிடலாம். 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் முடிவுகள் 2020 செப்டம்பரில் வெளிவந்தன. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் 81.2 விழுக்காட்டுப் பெண்கள் ஊதியமில்லா வீட்டுவேலை செய்கிறார்கள், ஆண்கள் 26.1 விழுக்காடு. அப்படிச் செய்கிற பெண் ஒருத்தி ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறாள், செய்கிற ஆண் 97 நிமிடம். ஊரடங்குக்கு முந்தைய கணக்கு இது. பள்ளிகள் திறந்திருந்தன, வேலைக்கு ஆள் வந்தார்கள். இந்தக் கணக்கில் ஆறு வயதிலிருந்து சேர்த்திருக்கிறார்கள் என்பதை நான் இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன்.

வேலைக்கு ஆள் என்று எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவை ஊரடங்கில் குடியிருப்புக்குள் விடவில்லை. இரண்டு மாதம் முழுச் சம்பளம் அனுப்பினேன், மூன்றாம் மாதம் பாதி. அந்தப் பாதியை நான் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். அதற்கு முன் கோடை விடுமுறைகளில் அவர் தன் மகளையும் அழைத்து வருவார். அம்மா பாத்திரம் துலக்கும்போது அந்தப் பெண் என் மகனுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அக இலக்கியத்தில் தோழி யார் என்று கேட்டால் செவிலியின் மகள் என்று தொல்காப்பியத்தைக் காட்டிப் பதில் சொல்கிறவள் நான். தலைவியின் நட்புக்கு உரை எழுதிய நாம், அந்த நட்பு ஒருத்திக்குத் தாயின் வேலையோடு சேர்ந்து வந்தது என்பதற்கு எழுதவில்லை. ஊரடங்கில் அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பு. ஒற்றை அறை வீட்டில் இரண்டு தம்பிகளைப் பார்த்துக்கொண்டு, கல்வித் தொலைக்காட்சியில் அவள் பாடம் வரும் நேரத்தில் சோறு வடித்தாள். அவள் அம்மாவிடம் யாரும் ஐம்பது வழிகளை அனுப்பவில்லை.

என் வீட்டிலும் ஒருத்தி அந்த இடத்துக்கு வந்தாள். என் கணவர் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. எனக்குச் சாப்பாட்டு மேசை. காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை நான் வகுப்பெடுக்கும்போது மகன் மகளிடம் இருப்பான். யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள் என்றுதான் நீண்ட நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அம்மாவிடம், "பொறுப்பான பிள்ளை, எனக்குக் கவலையே இல்லை" என்று பெருமைப்பட்டேன். என் மாணவிகளில் பலர் அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, காணொளியை அணைத்துவிட்டு வகுப்பில் இருந்தார்கள். அண்ணன் கைபேசியைத் தரவில்லை என்று வராமலே போனவர்களும் உண்டு. அவர்களுக்காகத் துறைக் கூட்டத்தில் பேசினேன். வீட்டில் என் முதுகுக்குப் பின்னால் நடந்ததைப் பார்க்கத் திரும்பவில்லை.

அந்த ஜூலையில் மகள் வயதுக்கு வந்தாள். சடங்கு வைக்கவில்லை. பெண்ணியவாதி என்ற முறையில் அதில் எனக்கு ஒரு நிறைவு. அதே மாதம் எங்கள் தெரு மொட்டைமாடிகளில் பையன்கள் சாயங்காலம் பட்டம் விட்டார்கள். மகன் அப்பாவோடு மாடிக்குப் போவான். மகளும் செருப்பை மாட்டினாள். "நீ இருடா, அவன் வந்ததும் போகலாம்" என்றேன். மறுநாளும் ஏதோ சொன்னேன். மூன்றாம் நாள் அவள் செருப்பைத் தேடவில்லை. குறிஞ்சித் திணையில் இற்செறிப்பு என்று ஒன்று நடத்துவோம். தினைப்புனம் காத்தும் அருவியாடியும் திரிந்த பெண்ணை, கதிர் கொய்து முடிந்ததும் வீட்டுக்குள் நிறுத்துவது. செய்கிறவள் பெரும்பாலும் தாய். 'அன்னை கொடியள்' என்ற தலைப்பில் ஒரு கருத்தரங்கக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். பல்லாங்குழியும் தாயமும் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளாக, பெண்களின் விளையாட்டுகளாக இருந்ததற்கு இந்தச் செறிப்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. ஊரடங்கில் எல்லோரும் 'நம் மரபு விளையாட்டு' என்று பதினான்கு குழிகளையும் துடைத்து எடுத்தபோது, அவற்றின் முன் எத்தனை தலைமுறைப் பெண்கள் வெளியே போக முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்ற நினைவு யாருக்கும் வரவில்லை.

இந்த இடத்தில் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களை மறுபடி பார்க்கலாம். ஆண் குழந்தை பெண்கள் கட்டிய மணல் வீட்டை மிதிக்கிறான், பறை முழக்குகிறான், தேரைத் தெருவில் இழுக்கிறான். பெண் குழந்தை காய் வீசிப் பிடிக்கிறாள், நீராடுகிறாள், ஊசலாடுகிறாள். மீனாட்சி திசைகளை வென்றவள், வையையில் நீராடப் போகிறாள், அவளைப் பற்றியும் இதையே சொல்ல முடியுமா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அந்த அம்மைக்குப் புலவர் உலகத்தையே ஆடுகளமாகத் தருகிறார். ஆனால் தெய்வத்துக்குத் திறந்துவிட்ட வாசலை வைத்து வீட்டுப் பெண்ணின் வாசலை அளக்க முடியாது. எந்த அம்மையின் பெயரை நம் பெண்களுக்கு வைக்கிறோமோ, அவளுக்குக் கிடைத்த மூன்றில் ஊசலை மட்டும் அவர்களுக்கு வைத்துக்கொள்கிறோம். அது வீட்டுக்குள் கட்டுவது.

தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தன. அதற்கு முந்தைய வாரம் பழைய நோட்டுகளை ஒதுக்கும்போது மகளின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. பென்சிலால் கோடு போட்ட ஓர் அட்டவணை. '9.30 கதை சொல்லணும். 10.00 படம் வரையக் கொடுக்கணும். 10.30 தாயம் (அவன் ஜெயிக்கணும்). 11.00 அழுதா பிஸ்கட். 11.15 மறுபடி கதை.' அதன் பிறகும் பன்னிரண்டரை வரை போயிற்று. ஒரு வரியிலும் 'நான்' இல்லை. எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலின் அதே வாக்கிய அமைப்பு. என் வீட்டில் அந்த எழுவாய் யாரென்று அன்று தெரிந்தது.

அவளிடம் கேட்டேன், லாக்டவுன்ல என்ன விளையாட்டு உனக்கு ரொம்பப் பிடிச்சது என்று. "நான் எங்கம்மா விளையாண்டேன்? அவனுக்குல விளையாட்டுக் காட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். விளையாடுதல், விளையாட்டுக் காட்டுதல் என்று தமிழ் இரண்டு வினைகளைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருந்தது. முனைவர் பட்டம் வாங்கியவள் இரண்டையும் ஒன்றாகவே கணக்கில் எழுதியிருந்தேன். கணக்கெடுப்புக்காரர் அப்போது எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால், காலை முழுக்கப் பிள்ளைகள் விளையாடினார்கள் என்றே சொல்லியிருப்பேன்.

இப்போது பிள்ளைத்தமிழ் நடத்தும்போது மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறேன். அம்புலிப் பருவத்தில் ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பார்க்காதீர்கள், குழந்தை யார் இடுப்பில் இருக்கிறது என்று எழுதுங்கள். பாட்டி என்று எழுதுகிறார்கள், சித்தி என்று எழுதுகிறார்கள். 'நான்' என்று எழுதிய விடைத்தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் மகளிடம் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றியது, அவள் வேண்டாமென்றால் எடுத்துவிடுவதாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். ஒரு திருத்தம் மட்டும் சொன்னாள். "தாயத்துல எப்பவும் அவனே ஜெயிச்ச மாதிரி எழுதியிருக்க. மூணு தடவ நான் ஜெயிச்சிருக்கேன். அதையும் எழுது."