‘பெரும்பான்மை’ என்னும் சொல்: உரைமரபும் தேர்தல் வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

இலக்கண உரைகளில் வழக்கின் மிகுதியைச் சுட்டிய ‘பெரும்பான்மை’ என்னும் சொல், இன்றைய அரசியல் தமிழில் ஆளும் உரிமையைச் சுட்டுகிறது. இப்பொருள் மாற்றத்தில் ‘சிறுபான்மை’ என்னும் இணைச்சொல் குறைபாட்டின் பெயராகத் திரிந்துள்ளதை ஆவடித் தொகுதியின் 2016ஆம் ஆண்டுத் தேர்தலையும், 2006 முதல் 2011 வரையிலான தமிழக ஆட்சி பற்றிய சொல்லாட்சியையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெரும்பான்மை, சிறுபான்மை, வழு, தனிப்பெருங்கட்சி, ஆவடி, திருத்தணி

முன்னுரை

2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் உருவான ஆவடிச் சட்டமன்றத் தொகுதியில், 2016ஆம் ஆண்டு அ.இ.அ.தி.மு.க. வேட்பாளர் க. பாண்டியராஜன், தி.மு.க. வேட்பாளர் சா.மு. நாசரை 1,395 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இவ்வெற்றியைப் ‘பெரும்பான்மை வாக்காளரின் தீர்ப்பு’ எனக் கூறலாமா என்பது எளிய கணக்கில் விடை காணத்தக்க வினா. ஏனைய வேட்பாளர்கள் அனைவரும் சேர்ந்து 1,395க்கு மேல் வாக்குப் பெற்றிருந்தால், வென்றவர் பாதி வாக்கை எட்டியிருக்க இயலாது. அவர்கள் பெற்றவை அதனினும் பன்மடங்கு. எனவே ஆவடி வாக்காளருள் பாதிக்கு மேற்பட்டோர் வென்றவருக்கு வாக்களிக்கவில்லை. ஆயினும் தேர்தல் முறைப்படி வெற்றி ஐயத்துக்கு இடமற்றது. வாக்கில் முந்தியிருத்தல், பாதியைக் கடத்தல் என்னும் இருவேறு பொருள்களுக்கும் ஒரே சொல் வழங்குவதே இங்கு எழும் சிக்கல்.

சொல்லமைப்பும் உரைமரபும்

‘பான்மை’ என்பது பகுதி, இயல்பு, முறைமை ஆகிய பொருள்களைத் தரும். ஆகவே ‘பெரும்பான்மை’ தலைகளை எண்ணிக் காணும் தொகையை மட்டும் குறிப்பதன்று. ஒரு பொருளிடத்து மிகுதியாகக் காணப்படும் இயல்பையும் குறிக்கும். தொல்காப்பிய உரையாசிரியர்கள் இச்சொல்லை இப்பொருளிலேயே ஆண்டனர். ஒரு விதி எங்கும் பரவலாகச் செல்லுமிடத்துப் ‘பெரும்பான்மை’ என்றனர். அருகி வருவதைச் ‘சிறுபான்மை’ என்றனர்.

இவ்விரண்டுக்கும் வெளியே ‘வழு’ என்னும் மூன்றாம் வகை நின்றது. சிறுபான்மை வழக்கு வழுவன்று. அதற்குப் புறனடையாலோ உம்மையாலோ இலேசாலோ இடம் தேடித் தருவதை உரையாசிரியர்கள் தம் கடமையாகக் கொண்டனர். இன்றைய பெரும்பான்மை நாளையும் அவ்வாறே நிற்கும் என்னும் உறுதியும் மொழிக்கு இல்லை. தொல்காப்பியம் ‘கள்’ ஈற்றை அஃறிணைப் பெயருக்கு உரியதாகக் கூறுகிறது. திருக்குறளில் அது உயர்திணைப் பெயரோடு அருகி வருகிறது. இன்றோ ‘அவர்கள்’, ‘ஆசிரியர்கள்’ என்பன பொதுவழக்கு. முன்னோர் சிறுபான்மையை வழுவென ஒதுக்கியிருந்தால், இவ்வளர்ச்சியை இலக்கணம் விளக்க இயலாது போயிருக்கும்.

தேர்தல் வழக்கில் பொருள் மயக்கம்

மக்களாட்சி நிறுவனங்களோடு வந்த ‘மெஜாரிட்டி’ என்னும் சொல்லுக்குப் ‘பெரும்பான்மை’ இணையாயிற்று. பின்னர்த் தனிப்பெரும்பான்மை, அறுதிப் பெரும்பான்மை, மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை எனக் கிளைச்சொற்கள் தோன்றின. இவற்றுள் மயக்கம் மிகுவது ‘தனிப்பெருங்கட்சி’, ‘தனிப்பெரும்பான்மை’ என்னும் இரண்டிடையே. 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் 234 இடங்களுள் தி.மு.க. 96 இடங்களைப் பெற்றது. அது தனிப்பெருங்கட்சி, ஆனால் 118 என்னும் தனிப்பெரும்பான்மை எல்லையை எட்டவில்லை. ‘பெரும்’ என்னும் அடை முன்னதில் ஏனைய கட்சிகளோடு ஒப்பிட்டுப் பெற்ற மிகுதியையும், பின்னதில் அவையின் பாதியைக் கடந்த மிகுதியையும் உணர்த்துகிறது.

இடங்களின் பெரும்பான்மை வாக்குகளின் பெரும்பான்மையாகவும் பேசப்படுவது மற்றொரு மயக்கம். 2016இல் தேர்தல் நடந்த 232 தொகுதிகளுள் 134இல் வென்ற அ.இ.அ.தி.மு.க. பெற்ற வாக்கு ஏறத்தாழ 41 விழுக்காடு. அவையில் அக்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது உண்மை; ‘தமிழக மக்களுள் பெரும்பான்மையோர்’ அதற்கு வாக்களித்தனர் என்பது உண்மையன்று. இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய நிலையன்று. முந்தியவர் வெல்லும் முறையின் இயல்பான விளைவு.

சிறுபான்மை வழுவான கதை

2006இல் அமைந்த தி.மு.க. அரசு, காங்கிரசு முதலிய தோழமைக் கட்சிகளின் ஆதரவால் அவையில் பெரும்பான்மை பெற்றிருந்தது. ஆயினும் எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா அதனைத் தொடர்ந்து ‘மைனாரிட்டி தி.மு.க. அரசு’ என்றே குறிப்பிட்டார். கட்சியின் எண்ணிக்கையைச் சுட்டும் அளவில் அத்தொடர் பொருந்தும். ஆனால் அது கேட்போர் உள்ளத்தில் எழுப்பியது எண்ணிக்கையை அன்று, தகுதியின்மையை. ‘சிறுபான்மை அரசு’ என்னாது ‘மைனாரிட்டி’ என்றதும் கருதத்தக்கது. பொறுப்பற்ற செல்வந்த இளைஞனைச் சுட்டும் ‘மைனர்’ என்னும் சொல் தமிழ்ப் பேச்சில் முன்பே ஊன்றியிருந்தது. ஒலியால் நெருங்கிய இச்சொல்லின் ஏளனச் சாயல் ‘மைனாரிட்டி’ மீதும் படிய வாய்ப்புண்டு. அவ்வரசு ஐந்தாண்டும் நிறைவாக ஆண்டது. அரசமைப்பு வழுவெனக் கொள்ளாததை அரசியல் வழக்கு வழுவாக்கிக் காட்டியது.

2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு 122க்கு 11 என முடிந்தது. எதிர்த்த பதினொருவருள் ஆவடி உறுப்பினரும் ஒருவர். அதே ஆண்டு ஆகஸ்டில் இரு அணிகளும் இணைந்தபின் அவர் ஆட்சிமொழி, தமிழ்ப் பண்பாட்டுத் துறையின் அமைச்சரானார். பெரும்பான்மையும் சிறுபான்மையும் நிலையான தகுதிகள் அல்ல, மாறும் நிலைகளே என்பதற்கு இது சான்று.

எல்லை மாற்றிய எண்ணிக்கை

மக்கள் தொகுதிகளைக் குறிக்கும்போதும் இவ்வுண்மை பொருந்தும். அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் ரயில் தடத்தில் உள்ள திருத்தணி, 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனோடு சென்றது. 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அங்கிருந்த தமிழர் ஊரை விட்டு நகராமலேயே மாநிலச் சிறுபான்மையினராகிப் பின் பெரும்பான்மையினர் ஆயினர். அங்கிருந்த தெலுங்கர்க்கோ நிலை தலைகீழாயிற்று. மொழிச் சிறுபான்மையை மாநில அளவிலேயே கணிக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2002இல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே ‘பெரும்பான்மை’ என்பதை எந்த எல்லைக்குள் எண்ணியது எனக் கூறாது ஆள்வது முற்றுப்பெறாத கூற்றே.

முடிவுரை

இலக்கணமும் ஆட்சியும் ஒன்றல்ல. உரையாசிரியர் இரு வழக்குகளையும் ஏற்று அமையலாம்; சட்டமன்றம் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆகவே முடிவெடுக்கும் கருவியாகப் பெரும்பான்மை இன்றியமையாதது. ஆனால் முடிவெடுக்கும் உரிமை, தோற்ற கருத்தை வழுவென அறிவிக்கும் உரிமையாகாது. வாக்கில் முந்தியதை ‘மிகுதி வாக்கு’ என்றும், பாதியைக் கடந்ததை மட்டும் ‘பெரும்பான்மை’ என்றும் ஊடகத் தமிழ் பிரித்தாளுதல் நலம். அதனினும் இன்றியமையாதது, சிறுபான்மைக்கும் வழுவுக்கும் இடையே உரைமரபு பேணிய வேறுபாட்டைப் பொதுவழக்கு மீட்டுக்கொள்ளுதலாகும்.