நெடுஞ்சாலையில் ஊர்ப்பெயர்ச் சங்கிலி: பூந்தமல்லியும் வவுனியாவும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருக்கும் பல குடும்பங்களுக்குச் சொந்த ஊர் வேறு. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தபோது வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே வேரூன்றிவிட்டார்கள். ஆனாலும் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் கார் ஊரை நோக்கித்தான் ஓடும். வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர் வழியாகத் தெற்கே போவார்கள். இல்லையென்றால் பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போவார்கள். இப்படி எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் பின் இருக்கையில் அடைந்து கிடக்கும் பிள்ளைகளை என்ன செய்வது?

செல்போனைக் கையில் கொடுத்தால் சத்தம் அடங்கும். ஆனால் குனிந்து திரையைப் பார்க்கும் பிள்ளைக்கு ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் குமட்டல் வந்துவிடலாம். கண் அசையாத திரையைப் பார்க்கிறது, உட்காதோ வண்டியின் ஆட்டத்தை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் தலைசுற்றலும் வாந்தியும். சொல் விளையாட்டுக்குக் குனிய வேண்டியதில்லை. நிமிர்ந்து வெளியே பார்த்தபடி காதையும் வாயையும் வைத்தே ஆடலாம். நம் பிள்ளைகள் தமிழ்ச் சொற்களைத் தேர்வுக்காக அல்லாமல் ஆசைக்காகத் தேடுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைப்பது அரிது. அதனால்தான் இந்த விளையாட்டை நாமும் இலங்கைத் தமிழரும் எப்படி ஆடலாம் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தது சங்கிலி விளையாட்டு. ஒருவர் ஓர் ஊரைச் சொல்ல, அது முடியும் எழுத்தில் அடுத்தவர் இன்னோர் ஊரைச் சொல்ல வேண்டும். சென்னையின் மேற்குப் புறத்தில் ஆடினால் முதல் அடியிலேயே முட்டுச் சந்து. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பாடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி என்று எந்தப் பெயரை எடுத்தாலும் ர், டி, ல், லி என்றுதான் முடிகிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராத எழுத்துகள். "ஆயா, 'டி'ல ஒண்ணுமே இல்ல, வேற எழுத்து குடு!" என்று பிள்ளை சிணுங்கத்தான் செய்யும்.

இதற்கு எளிய வழி உண்டு. கடைசி எழுத்தில் சொல் தொடங்காது என்றால் அதற்கு முந்தைய எழுத்துக்குப் போகலாம். அதுவும் உதவாவிட்டால் இன்னும் ஓர் எழுத்து பின்னால் போகலாம். குறிலா நெடிலா என்று பார்க்க வேண்டாம், மெய் ஒத்தால் போதும். இப்போது பூந்தமல்லியின் 'ம'வைப் பிடித்து மதுரவாயல் போகலாம். அதன் 'ய'வில் யானைக்கவுனி, அதன் 'வு'வில் வேலூர், அதன் 'வே'யில் வாலாஜாபேட்டை, அதன் 'பே'யில் பள்ளிகொண்டா, அதன் 'கொ'வில் காவேரிப்பாக்கம், அங்கிருந்து மாதனூர். சங்கிலி அறுபடாமல் ஆம்பூர் வாசல் வரை வந்துவிடும்.

இலங்கையில் கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 சாலையில் இதே ஆட்டத்தை ஆடினால் கதையே வேறு. வவுனியா என்று தொடங்கினால் அடுத்தது யாழ்ப்பாணம், பிறகு மாங்குளம், பிறகு முறிகண்டி. பின்னால் நகராமலேயே மூன்று தாவல். முறிகண்டியில்தான் முதல் தடை. "அம்மம்மா, 'டி'யிலை ஊர் ஒண்டுமில்லை, வேறை எழுத்துத் தாங்கோ!" என்பது அங்கத்தைய சிணுங்கல். 'க'வுக்குப் போனால் கிளிநொச்சி, பிறகு சாவகச்சேரி, செட்டிகுளம், மதவாச்சி. இந்தச் சாலை ஓடும் வன்னி குளங்களின் நாடு. மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம் என்று பெயர்கள் 'ம்'மில் முடிவதால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் அங்கே வரும் சிக்கல் வேறு மாதிரி. எல்லாம் 'ம்'மில் வந்து நிற்பதால் மன்னார், மட்டக்களப்பு, முல்லைத்தீவு, மாத்தளை, மானிப்பாய், மல்லாகம் என்று 'ம' வரிசை சீக்கிரம் தீர்ந்துபோகும். நமக்கு எழுத்துப் பஞ்சம், அவர்களுக்கு ஒரே எழுத்தின் வெள்ளம். இரண்டு பக்கத்துப் பெயர்களையும் கலந்து ஆடினால் இரண்டு குறையும் தீரும். கூடவே இரு கரைப் பிள்ளைகளுக்கும் மறு கரையின் ஊர்கள் பழகும்.

பாட்டில் இந்தக் கலப்பு எப்போதோ நடந்துவிட்டது. எழுத்தைக் கொடுத்துத் திரைப்பாடல் பாடவைக்கும் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை இலங்கை வானொலியில் வளர்த்தவர் பி. எச். அப்துல் ஹமீது. பின்னர் அவரே அதைத் தமிழகத் தொலைக்காட்சிகளில் நடத்தி இங்கேயும் வீட்டுக்கு வீடு பரப்பினார். இன்று நம் கார்களில் ஆடும் பாட்டு ஆட்டத்தில் அந்த நிகழ்ச்சியின் சாயல் நன்றாகவே தெரியும். ஆனால் பாட்டு ஆட்டத்தில் பெரியவர்கள் எளிதில் ஜெயித்துவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பழைய பாடல் தெரியாது. ஊர்ப்பெயர் ஆட்டத்தில் அந்தக் குறை இல்லை, ஏனென்றால் விடை வழிகாட்டிப் பலகையில் எழுதியிருக்கும்.

அந்தப் பலகைகளும் இரு நாட்டிலும் ஒன்றல்ல. நம் நெடுஞ்சாலையில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் கன்னடம் தொடங்கும். இலங்கையில் ஒரே பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரும். நாம் கண்டி என்பதைச் சிங்களத்தில் மகாநுவர என்பார்கள். யாழ்ப்பாணம் அவர்களுக்கு யாப்பனய. ஓர் ஊருக்கு மூன்று பெயரும் சொல்லும் ஆட்டம் அங்கே தானாகவே அமைகிறது. அந்த எழுத்துகளுக்குப் பின்னால் கனமான வரலாறும் உண்டு. வண்டி எண் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் பொறித்ததை எதிர்த்து 1958-இல் தமிழர்கள் போராடினார்கள். போரால் மூடப்பட்ட ஏ-9 சாலை 2002-இல் திறந்து, 2006-இல் மறுபடி மூடி, 2009-க்குப் பிறகே தடையின்றித் திறந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சோதனைச்சாவடியில் வாய்மூடி இருக்கத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அதே சாலையில் வேன் பிடித்துப் போகும் பிள்ளைகள் ஊர்ப்பெயர்களை உரக்கக் கூவிக்கொண்டு போக முடிகிறது. இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

எண் தகட்டை நம் பக்கத்திலும் விளையாட்டாக்கலாம். டிஎன் 12 பூந்தமல்லி, டிஎன் 13 அம்பத்தூர், டிஎன் 23 வேலூர், டிஎன் 70 ஓசூர் என்று வண்டியைப் பார்த்து ஊரைச் சொல்வது ஒரு படி. பெரிய பிள்ளைகளுக்கு அடுத்த படி: கடைசி எண்ணுக்கு முன்னால் உள்ள இரண்டு ஆங்கில எழுத்துகளின் ஒலியை எடுத்து, அதே வரிசையில் வரும் தமிழ்ச் சொல்லைச் சொல்ல வேண்டும். கே, பி வந்தால் காப்பி, கப்பல், குப்பை. எம், டி வந்தால் மொட்டு, மீதி, மத்து ('டி'க்கு ட, த இரண்டும் செல்லும்). 'மத்து என்றால் என்ன?' என்று பிள்ளை கேட்டால் அடுத்த பத்து கிலோமீட்டருக்கு மோர் கடைவதைப் பற்றிப் பேசலாம்.

வண்டி நிற்கும் இடங்கள் விடுகதைக்கு. யாழ்ப்பாணத்தார் இதை நொடி என்பார்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் (நிலக்கடலை) வாங்கிக் கொறித்துவிட்டுக் கிளம்புவது ஏ-9 பயணத்தின் வழக்கம். கச்சான் உரிக்கும் நேரத்தில் ஒரு நொடி போடலாம்: 'தலை நிறைய விசிறி, தனக்கு வீச ஒன்றுமில்லை.' ஆனையிறவைத் தாண்டிப் பனைகள் தென்பட்டதும் விடை கண்ணுக்கே தெரியும். நமக்குச் சுங்கச்சாவடி இருக்கிறது: 'காசு கொடுத்தால் கை தூக்கும், கொடுக்காவிட்டால் குறுக்கே நிற்கும்.' கண்ணில் படுவதையே விடுகதையாகக் கட்டச் சொன்னால், பதில் சொல்லும் பிள்ளை கேள்வி செய்யும் பிள்ளையாக மாறுகிறது.

இரண்டு சாலைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. இலங்கைத் தமிழ்ப் பிள்ளை பள்ளிப் பாடத்தையே பெரும்பாலும் தமிழில் படிக்கிறது. நம் புறநகர்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் ஒரு பாடம் மட்டும்; 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் அந்தப் பாடத்தைக் கட்டாயமாக்கியது, ஆசையைக் கட்டாயமாக்க முடியாது. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும் கனடா, லண்டன் பிள்ளைகளின் நிலையும் கிட்டத்தட்ட நம்முடையதுதான். இவர்களுக்கெல்லாம் கார்ப் பயணம் ஒரு நல்வாய்ப்பு. அதனால் தோற்றவரை ஆட்டத்திலிருந்து விலக்காதீர்கள். விலக்கப்பட்ட பிள்ளை தம்பியோடு சண்டைக்குத்தான் போகும். ஆங்கிலச் சொல் வந்தால் திட்டாமல் அதற்குத் தமிழ்ச் சொல்லைக் கேளுங்கள். வண்டி ஓட்டுபவரைக் கேள்வி கேட்காதீர்கள். இந்தப் பொங்கலுக்குக் கிளம்பும்போது பிள்ளைகள் போன் கேட்கும்வரை காத்திருக்காமல், முதல் ஊர்ப்பெயரைப் பெரியவர்களே சொல்லித் தொடங்குங்கள்.